இழப்புக்குப் பிறகு வந்த பிள்ளை: முதல் வருடத்தில் அப்பா செய்ய வேண்டியவை

இது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறு நகரங்களிலும் வாழும் அப்பாக்களுக்கு. முந்திய பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருக்கலாம், செத்துப் பிறந்திருக்கலாம், பிறந்து சில நாளிலோ சில மாதத்திலோ போயிருக்கலாம். இப்போது ஒரு பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் "இனி எல்லாம் சரி" என்பார்கள். உங்களுக்கு அப்படி இருக்காது. பயம் முதல் வருடம் முழுக்கக் கூடவே வரும். அதை விரட்டப் பார்ப்பதைவிட, அதற்கு ஒரு வேலையைக் கொடுப்பதே நடக்கக்கூடிய காரியம். எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், எதைக் கண்டால் உடனே புறப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால், மீதி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வருமுன்

முதலில் பழைய காகிதங்களைச் சேருங்கள். முந்திய கர்ப்பத்தின் அட்டை, ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். நடுராத்திரியில் புதிதாகப் பார்க்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இதற்கு முன் பிள்ளை இருந்ததா, என்ன நடந்தது?" என்பது. ஒவ்வொரு தடவையும் மனைவி அதை வாயால் சொல்லும்படி விடாதீர்கள். எத்தனை வாரம் அல்லது எத்தனை நாள் வயது, எந்த வருடம், என்ன காரணம் சொன்னார்கள் என்று நாலு வரியில் எழுதி, அந்தத் தாளை நீங்களே நீட்டுங்கள்.

காரணம் உங்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்றால், டிக்கட் வெட்டுமுன் (ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுமுன்) பிள்ளை டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அது இந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியதா?", "அதற்காகத் தனியாக எதையாவது பார்க்க வேண்டுமா?" குறைமாதத்தால் ஒரு பிள்ளை போயிருந்தால், நிறைமாதத்தில் நல்ல நிறையோடு பிறந்த பிள்ளைக்கு அந்த ஆபத்து இல்லை. பிறவி இதயக் குறைபாட்டால் போயிருந்தால், இந்தப் பிள்ளையின் இதயத்தையும் ஸ்கேன் செய்யலாமா என்று கேட்பது நியாயமானது. இந்த இரண்டு பதிலும் கையில் இருந்தால், அடுத்த பல மாதங்களில் வரும் வீண் பயத்தில் பாதி குறையும்.

அடுத்தது காம்பரா, அதாவது தங்கும் அறை. லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவே கதவு இல்லாமல் இருந்தால், விறகுப் புகை நேரே பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகும். தடித்த துணியையாவது தொங்கவிட்டு, சமைக்கும் நேரத்தில் பிள்ளையை இஸ்தோப்பு (முன் வராந்தா) பக்கத்து அறையில் வையுங்கள். தகரத்தில் ஒழுகும் இடம், சுவரில் பூஞ்சை பிடித்த மூலை இவற்றுக்குப் பக்கத்தில் படுக்கை போடாதீர்கள். வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. அப்பா வெளியே பிடித்துவிட்டு வந்தால் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். புகை படும் பிள்ளைக்குத் தூக்கத்திலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது.

குளிரும் முதல் பத்து நாளும்

நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமும் இரவுக் குளிர் லேசானதல்ல. பிறந்த பிள்ளை சூட்டைத் தானே பிடித்து வைக்கத் தெரியாத பிள்ளை, நிறை 2.5 கிலோவுக்குக் குறைவென்றால் இன்னும் கஷ்டம்.

சூட்டைக் கையாலேயே பார்க்கலாம். உங்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் இன்னொரு உடுப்பும் காலுறையும் போட்டு, அம்மாவின் நெஞ்சோடு வைத்துப் பால் கொடுக்கச் செய்யுங்கள். இரண்டுமே குளிர்ந்திருந்தால் நெஞ்சோடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வேர்த்துப்போய், கழுத்து சுடச்சுட இருந்தால் உடுப்பு அதிகம். அளவுக்கு மீறிப் போர்த்துவதும் ஆபத்துதான். பெரியவர்கள் அந்த அறையில் போடும் உடுப்பைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும்.

அப்பாவின் நெஞ்சும் சூடு கொடுக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளைக்கு நெப்கின், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, உங்கள் வெறும் நெஞ்சில் நிமிர்ந்த நிலையில் படுக்க வையுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்க வேண்டும்; தாடை நெஞ்சில் அமுங்கக் கூடாது. சேலையால் சுற்றிக் கட்டி, மேலே கம்பளியால் போர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். சாய்ந்து உட்கார்ந்தே செய்யுங்கள், கண் சொக்கினால் பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். முந்திய பிள்ளையைத் தூக்கவே வாய்ப்புக் கிடைக்காத அப்பாக்களுக்கு இதைத் தொடங்குவது கஷ்டமாக இருக்கும், கை நடுங்கும். கதவைச் சாத்திவிட்டு, மனைவி மட்டும் பக்கத்தில் இருக்கத் தொடங்குங்கள். மூச்சையும் சூட்டையும் நேரடியாக உணர்வதால், கட்டிலருகே நின்று பார்த்துப் பார்த்துத் தவிப்பதைவிட இது மனதை அமர்த்தும்.

குளிருக்காக மூடிய காம்பராவில் கரிச்சட்டி வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே முழுக் குடும்பத்தையும் கொல்லும். சுடுநீர்ப் போத்தலால் படுக்கையைச் சூடாக்கலாம், ஆனால் பிள்ளையைக் கிடத்துமுன் எடுத்துவிட வேண்டும்.

தொப்புள் கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். காய விட்டால் தானே விழும். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாக (நியூமோனியா) மாறலாம். கண்ணுக்குள் மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கும். திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கட்டும். இதையெல்லாம் பாட்டிமாரிடம் சொல்வது உங்கள் வேலை, மனைவியின் வேலையல்ல. பிள்ளையை இழந்த தாய் எதைச் செய்தாலும் "இதனால்தானோ" என்று அவளை நோக்கியே விரல் நீளும். அந்த விரலுக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும்.

பால் போதுமா என்பது அடுத்த பயம். முதல் ஒரு வாரத்தில் நிறை கொஞ்சம் குறைவது இயல்பு. பிறந்த நிறையில் பத்திலொரு பங்குக்கு மேல் குறைந்தால், அல்லது இரண்டு வாரத்துக்குள் பழைய நிறைக்கு வராவிட்டால் காட்ட வேண்டும். நாளுக்கு 8 முதல் 12 தடவை பால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு 6 தடவையாவது மூத்திரம்: இது இருந்தால் பால் போதும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரோ, கிரைப் வாட்டரோ, வசம்பு உரைத்ததோ கூடாது.

மஞ்சள் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் கொண்டுவந்து பாருங்கள். மூக்கை விரலால் மெல்ல அமுக்கி எடுத்தால் நிறம் தெரியும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தால், அல்லது எப்போதாவது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளானால் அன்றே ஆஸ்பத்திரி. வெயிலில் காட்டுவது இதற்கு மருந்தல்ல.

இரவில் மூச்சைப் பார்ப்பது

இழப்புக்குப் பிறகு வந்த பிள்ளையின் அப்பா இரவில் தூங்கமாட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கருகே விரல் வைப்பார், டோர்ச் அடிப்பார், பயந்து பிள்ளையை எழுப்பியே விடுவார். ஒரு மாதத்தில் மூன்று பேருமே தூக்கம் கெட்டு ஓய்ந்து போவார்கள். தூக்கம் கெட்ட அப்பா பிள்ளையை நெஞ்சில் போட்டபடி கதிரையில் தூங்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

சின்னப் பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. வேகமாக வாங்கி, 5 முதல் 10 வினாடி நின்று, மறுபடி தொடங்கும். பிறந்த மாதங்களில் இது இயல்பு. 20 வினாடிக்கு மேல் நின்றால், அல்லது நிற்கும்போது உதடு நீலமானால், உடல் துவண்டால் இயல்பல்ல.

எண்ணும் முறை: பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதைப் போன் மணிக்கூட்டில் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் கணக்குப் பிழையாகும். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது மேல் இருந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

இரவைப் பங்கு போடுங்கள். முன்னிரவு உங்களுக்கு, பின்னிரவு மனைவிக்கு, அல்லது பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடும்) நேரத்தைப் பொறுத்து மாற்றி. படுக்குமுன் ஒரு தடவை, ஒவ்வொரு பாலுக்கும் பிறகு ஒரு தடவை நிறம், மூச்சு, சூடு மூன்றையும் பாருங்கள். இடையில் விழித்தால் எழாமல் காதால் கேளுங்கள். இந்த ஒழுங்கு வந்த பிறகும் எழுந்து எழுந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் அது உதவி கேட்க வேண்டிய நிலை. அதைப் பிறகு சொல்கிறோம்.

படுக்க வைப்பதில் ஒரே விதி: எந்தத் தூக்கத்துக்கும் மல்லாக்கக் கிடத்துங்கள். அமுங்காத, தட்டையான பாய் அல்லது மெத்தை. தலையணை, பஞ்சுப் பொம்மை, பெரியவர்களின் கம்பளி பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, தனிப் படுக்கையில். தூக்கத்தில் நிகழும் திடீர் மரணம் அதிகம் வருவது 2 முதல் 4 மாதத்துக்குள். சேலைத் தொட்டிலில் கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் முட்டலாம், துணி முகத்தை மூடலாம். அதனால் ஆள் பக்கத்தில் இருந்து ஆட்டும்போது மட்டும், மேலே குறுக்குக் கம்பு வைத்து விரித்துக் கட்டிப் பயன்படுத்துங்கள். தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். குடித்திருக்கும் இரவில் அப்பா பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது.

எப்போது புறப்பட வேண்டும், எப்படி

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, தட்டினால் மட்டும் அசைதல், நீலம், மேலே சொன்ன மூச்சு அறிகுறிகள், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ். இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் பார்ப்பது கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். வயிற்றோட்டத்துக்கு ஜீவனியை (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) பக்கெட்டில் சொன்ன அளவு ஆறிய கொதிநீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டியால் மெதுவாக. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தால், மூத்திரம் நின்றால் புறப்படுங்கள்.

தோட்டத்தில் தூரம்தான் எதிரி. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்குமுன் தயாராக இருக்க வேண்டியவை:

1. உங்கள் டிவிஷன், லய இலக்கம், பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடத்து அடையாளம் (கோயில், தொழிற்சாலை, பாலம்) எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.
2. வீட்டைச் சுற்றி எந்த இடத்தில் சிக்னல் எடுக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.
3. ஒன்று எடுக்காவிட்டால் மற்றது என இரண்டு ஆட்டோக்காரர்களின் இலக்கம். அம்புலன்ஸ் லயம்வரை ஏற முடியாத பாதை என்றால், எந்த இடத்துக்கு இறங்கி வருவது என்று அழைக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.
4. பை: பிள்ளையின் பதிவேடு, பழைய காகிதங்கள், இரண்டு மாற்றுடுப்பு, தொப்பி, கம்பளி, காசு, போன் சார்ஜர்.

மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால், பாதை அடைபடுமுன் கீழே உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. இது அளவுக்கு மீறிய பயமல்ல.

உயிர் காக்கும் கை

செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பு கிடைத்தால் இருவரும் போங்கள். அதற்கு முன் அடிப்படையாவது தெரிந்திருக்கட்டும்.

பால் அல்லது உணவு சிக்கிச் சத்தமே வராமல் திணறினால்: முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவே 5 அழுத்தம். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும்.

பாதத்தைத் தட்டியும் அசைவில்லை, மூச்சில்லை என்றால்: கத்தி ஆள் கூப்பிடுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டு 1990ஐ அழைக்கச் சொல்லுங்கள். கடினமான தளத்தில் கிடத்தி, இரு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். ஆழம் 4 சென்ரிமீற்றர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. 30 அழுத்தத்துக்குப் பிறகு பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் 2 ஊத்து. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

கிளினிக்கும் ஊசியும்

ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டையில் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கிடைக்கும். நிறைக்கோடு மேலே ஏறுகிறதா என்பதே முக்கியம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும், போன பிள்ளையோடும் ஒப்பிட வேண்டாம். பீ.சீ.ஜீ. (காசநோய்த் தடுப்பூசி) ஆஸ்பத்திரியிலேயே போடப்படும். 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும், 2, 4 மாதங்களில் போலியோ ஊசியும் சேரும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி), 12 மாதம் முடிந்ததும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. ஆறாம் மாதத்தில் இடது தோளில் பீ.சீ.ஜீ. தழும்பு இல்லை என்றால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வருவது வழக்கம். முந்திய பிள்ளை காய்ச்சலில் போயிருந்தால் அந்த இரவு உங்களை உலுக்கும். எனவே ஊசியைக் காலையிலேயே போட்டுக்கொண்டு, நிறைக்கேற்ற பனடோல் அளவைக் கிளினிக்கிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

உங்கள் மனம்

சில அப்பாக்கள் இந்தப் பிள்ளையோடு ஒட்டாமலே இருப்பார்கள். தூக்கமாட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், கொழுந்து மடுவத்திலும் கடையிலும் நேரத்தைக் கழிப்பார்கள். பாசம் இல்லாததால் அல்ல, மறுபடியும் போய்விடுமோ என்ற பயத்தால். ஒட்டாமல் இருப்பதால் வலி குறையாது. தினமும் ஒரு வேலையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்: மாலைக் குளிப்பு, அல்லது இரவு நெப்கின் மாற்றுவது. ஆறேழு வாரத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். தினமும் பார்த்த முகத்தைத்தான் அது தேடும்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை, குப்பை என்று பேர் வைப்பதும், தவிட்டுக்கு விற்று வாங்குவதும் நம் பழைய வழக்கம். பெரியவர்கள் சடங்கைக் கேட்டால் செய்யுங்கள்; அது அவர்களின் துக்கமும்தான். பிறப்புப் பதிவில் எழுதும் பேர் மட்டும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து சொல்லக்கூடியதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் பதிந்து, எழுத்தை அங்கேயே சரிபாருங்கள். போன பிள்ளையின் பேரையே வைப்பது எங்கள் பார்வையில் நல்லதல்ல. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறியுங்கள்: போன பிள்ளையின் நினைவு நாள், இந்தப் பிள்ளை அந்த வயதை எட்டும் நாள். அந்த வாரத்தில் காரணமில்லாத கோபம், தூக்கமின்மை வரும். முடிந்தால் விடுப்பு எடுங்கள். விளக்கேற்ற விரும்பினால் இருவரும் சேர்ந்து ஏற்றுங்கள். மனைவி அழுதால் "இப்பதான் பிள்ளை இருக்கே" என்று சொல்லாதீர்கள். "எனக்கும் ஞாபகம் வந்துச்சு" என்றால் போதும்.

கசிப்பும் சாராயமும் அந்த வாரத்தில்தான் கையை நீட்டிக் கூப்பிடும். குடித்த இரவில் 1990ஐ யார் அழைப்பது, பிள்ளையை யார் தூக்கி இறங்குவது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வந்தால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், தோட்ட டிஸ்பென்சரியிலோ மருத்துவமாதுவிடமோ சொல்லி, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். மனைவியிடம் இதே அறிகுறிகளைக் கண்டால் நீங்களே கூட்டிப் போங்கள்.

வேலையும் பிள்ளைமடுவமும்

தனியார் துறையில் அப்பாவுக்குச் சட்டப்படி பிரசவ விடுப்பு இல்லை. அரச ஊழியருக்கு மூன்று நாள் உண்டு. தோட்டத்தில் வேலை செய்பவர் கிளினிக் நாளுக்கு அரைப்பேரோடு (அரைநாள் வேலைக் கணக்கோடு) போகலாமா என்று கங்காணியிடம் முந்திய நாளே பேசி வைப்பது நல்லது. மனைவிக்கு 12 வாரம். அவர் வேலைக்குத் திரும்பிய பின், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு: பிள்ளைமடுவம் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். கொழுந்து மலை தூரமென்றால் பறிக்கும் இடத்தைப் பக்கமாக மாற்றித் தரச் சொல்லி நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள்.

பிள்ளையை மடுவத்தில் விடும் முதல் வாரம் பல அப்பாக்களுக்கு மறுபடி இழப்பதைப் போலவே இருக்கும். மடுவத்துக்குப் பொறுப்பான அம்மாவிடம் மூன்றைக் கேளுங்கள்: மல்லாக்கக் கிடத்துகிறார்களா, சளி பிடித்த பிள்ளைகளைப் பிரித்து வைக்கிறார்களா, அவசரத்துக்கு யாரை அழைப்பார்கள். பீச்சிய பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும். போத்தல் வேண்டாம், கோப்பையாலோ கரண்டியாலோ கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும்

குழைத்த சோறும் பருப்பும், தேங்காய்ப்பால் சேர்த்து, கரண்டியைச் சாய்த்தால் ஓடாத பதத்தில். இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கி, 8 மாதத்துக்குள் நாளுக்கு இரண்டு மூன்று வேளை அரைக் கோப்பை. 9 மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை, மசிக்காமல் கையால் நசுக்கிய பதத்தில். முட்டை, பொடித்த நெத்தலி, பூசணி, கரட், கீரை, ஒரு தேக்கரண்டி எண்ணெய். தண்ணீர்க் கஞ்சி வயிற்றை நிரப்பும், நிறையை ஏற்றாது. ஒரு வயதுவரை உப்பு, சீனி, தேன் கூடாது.

பிளேன் டீயில் ரொட்டியை நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச் சத்தைச் சேரவிடாது. இரத்தசோகை உள்ள பிள்ளை களைத்து, நோய்க்கு எளிதில் ஆளாகும். நிறைக்கோடு சாய்ந்தால் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமா அந்தப் பிள்ளைக்கானது, வீட்டில் எல்லாருக்கும் ரொட்டி சுட அல்ல.

ஒரு வயது

பிறந்தநாளைப் பெரிதாகச் செய்ய மனம் வரவில்லை என்றால் சிறிதாகச் செய்யுங்கள். பயந்து ஒத்திப்போட வேண்டாம். 12 மாத ஊசி நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிள்ளை ஆதரவோடு நிற்கிறதா, பேர் சொன்னால் திரும்புகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதே நாளில் சொல்லுங்கள். நடை 18 மாதம்வரை தாமதமாகலாம். அடுத்த பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சு எழும் நேரமும் இதுதான். உயிரோடு பிறந்த பிள்ளைக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். முந்திய இழப்பின் காகிதங்களைக் குடும்பத் திட்டக் கிளினிக்குக்கும் எடுத்துப் போய், முறையை இருவரும் சேர்ந்து தெரிவு செய்யுங்கள்.